நாவலின் குரலை யாரிடம் ஒப்படைப்பது? டிக்கன்ஸின் 'பிளீக் ஹவுஸ்' தொலைக்காட்சித் தொடரானபோது

கேள்வி இது: "விக்டோரியா காலத்து ஆங்கில நாவல்கள் பல எண்ணூறு, தொள்ளாயிரம் பக்கம் போகின்றன. அவற்றைத் தொலைக்காட்சித் தொடராக எழுதுபவர்கள் எதை வைப்பது, எதை வெட்டுவது என்று எப்படி முடிவு செய்கிறார்கள்? மூலத்தை மாற்றுவது துரோகம் ஆகாதா? பேசாமல் ஒரே சினிமாவாக எடுத்துவிட்டால் என்ன?"

வெட்டுவதில் இருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் பலரும் அதைத்தான் பெரிய சிக்கல் என்று நினைக்கிறார்கள். கிளைக்கதைகளை எடுத்துவிட்டு, இரண்டு மூன்று பாத்திரங்களை ஒருவராக்கி, எண்ணூறு பக்கத்தை எட்டு மணி நேரத்துக்குள் கொண்டுவருவது உழைப்பு கேட்கும் வேலைதான். ஆனால் அனுபவமுள்ள திரைக்கதை ஆசிரியருக்கு அது கைவந்த வேலை. உண்மையான சிக்கல் கதைசொல்லி. அந்தக் காலத்து நாவலில் கதையைச் சொல்லிக்கொண்டு வரும் குரல் கோபப்படும், கேலி செய்யும், வாசகரை நிறுத்திவைத்துக் கேள்வி கேட்கும், அரசியையும் நாடாளுமன்றத்தையும் பெயர் சொல்லிக் கூப்பிடும். பாத்திரங்கள் யாரும் அந்தக் குரலைக் கேட்பதில்லை, வாசகர் மட்டும்தான் கேட்கிறார். திரைக்கு வரும்போது முதலில் காணாமல் போவது அதுதான். அது செய்த வேலையை வேறு யாரிடமாவது ஒப்படைத்தாக வேண்டும்: ஒரு நடிகரின் முகத்திடம், ஓர் இடத்திடம், புதிதாகக் கொண்டுவந்த ஒரு பாத்திரத்திடம், படத்தொகுப்பிடம். ஒரு தொடர் நாவலைப் போலவே நம்மைப் பிடித்துக்கொள்கிறதா, உடையும் குதிரை வண்டியும் மட்டும் மிஞ்சுகிறதா என்பது அங்கேதான் தீர்மானமாகிறது.

எனக்கு நன்றாகத் தெரிந்த ஓர் உதாரணத்தை வைத்தே பேசுகிறேன். சார்லஸ் டிக்கன்ஸின் 'பிளீக் ஹவுஸ்'. பிபிசி இதை மூன்று முறை தொடராக எடுத்திருக்கிறது: 1959, 1985, 2005. கடைசியாக வந்ததற்குத் திரைக்கதை ஆண்ட்ரூ டேவிஸ். இயக்கம் ஜஸ்டின் சாட்விக், சுசன்னா வைட்.

கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். லண்டனின் சான்சரி நீதிமன்றத்தில் 'ஜார்ண்டைஸ் எதிர் ஜார்ண்டைஸ்' என்று ஒரு சொத்து வழக்கு தலைமுறை தலைமுறையாக இழுத்துக்கொண்டிருக்கிறது. அதில் சிக்கிய இளைஞர்கள் ரிச்சர்டும் ஏடாவும் ஜார்ண்டைஸ் என்ற நல்ல மனிதரின் வீட்டில் வளர்கிறார்கள். அவர்களோடு எஸ்தர் சம்மர்சன், பெற்றோர் யாரென்று தெரியாத பெண். இன்னொரு பக்கம் லேடி டெட்லாக், பெரிய பிரபுவின் மனைவி, கல்யாணத்துக்கு முன்பு நடந்த ஒன்றை மறைத்து வாழ்பவள். அந்த ரகசியத்தை மோப்பம் பிடித்துப் பின்தொடரும் வக்கீல் டல்கிங்ஹார்ன். எல்லாருக்கும் கீழே, தெருவைப் பெருக்கிக் காசு வாங்கும் அனாதைச் சிறுவன் ஜோ.

இந்த நாவல் முதலில் புத்தகமாக வரவில்லை. 1852 மார்ச்சில் தொடங்கி 1853 செப்டம்பர் வரை மாதம் ஒரு பகுதியாக வந்தது. ஒவ்வொன்றும் 32 பக்கம், இரண்டு படங்கள், விலை ஒரு ஷில்லிங். கடைசி மாதம் மட்டும் இரண்டு பகுதிகள் சேர்ந்து இரண்டு ஷில்லிங். முப்பதாயிரம் பிரதிகளுக்கு மேல் விற்றது. ஒவ்வொரு பகுதிக்கும் டிக்கன்ஸ் ஒரு திட்டத்தாள் வைத்திருந்தார். தாளின் ஒரு பாதியில் தனக்குத்தானே கேள்விகள், மறுபாதியில் அத்தியாயத் தலைப்புகள். அந்தத் தாள்கள் இன்றும் லண்டன் விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில், அவருடைய நண்பர் ஜான் ஃபார்ஸ்டரின் சேகரிப்பில் இருக்கின்றன. 15ஆம் பகுதிக்கான தாளில் சிறுவன் ஜோவைப் பற்றி எழுதியிருப்பது இவ்வளவுதான்: "ஜோ? ஆம். கொன்றுவிடு." இன்றைய தொடர் எழுத்தாளர்கள் சுவரில் ஒட்டிவைக்கும் அட்டைகளுக்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

ஆகவே திரைக்கதை எழுத உட்காருபவர் முதலில் பார்க்க வேண்டியது அத்தியாயப் பட்டியலை அல்ல. அந்த மாதப் பகுதிகள் எங்கெங்கே முடிந்தன என்பதை. 'பிளீக் ஹவுஸ்' 9ஆம் பகுதி 29ஆம் அத்தியாயத்தோடு முடிகிறது. வக்கீல் ஆபீஸ் குமாஸ்தா கப்பி, லேடி டெட்லாக்கைப் பார்க்க வந்து, தான் துப்புத் துலக்கிய விஷயங்களை ஒவ்வொன்றாக எடுத்து வைக்கிறான். அவள் முகத்தில் ஒன்றும் காட்டாமல் கேட்டு முடித்து அவனை அனுப்புகிறாள். அவன் போனதும் முழங்காலில் விழுந்து கதறுகிறாள். பிறந்த உடனே செத்துப்போனது என்று அக்கா சொன்ன குழந்தை உயிரோடு இருக்கிறது, எஸ்தராக. அந்த இடத்தில் பகுதி முடிந்தது. 1852 நவம்பரில் அதைப் படித்தவர்கள் அடுத்து என்ன என்று தெரிய டிசம்பர் வரை காத்திருந்தார்கள். டிசம்பரில் வந்த 10ஆம் பகுதியிலோ எஸ்தர் நோயில் விழுந்து "எனக்குக் கண் தெரியவில்லை" என்கிறாள். அதற்கடுத்த அத்தியாயத்தில், அதே பகுதியின் முடிவில், பழைய சாமான் கடைக்காரன் குருக் தானாகத் தீப்பற்றிக் கரியாகிக் கிடக்கிறான். 18ஆம் பகுதியின் கடைசி வரியில், கல்லறை வாசலில் விழுந்து கிடக்கும் பெண்ணின் முகத்தைத் திருப்பிப் பார்க்கிறாள் எஸ்தர்: அம்மா, குளிர்ந்து, உயிரில்லாமல்.

இவ்வளவு நல்ல 'தொடரும்' இடங்களை ஒருவர் ஏற்கெனவே கட்டிவைத்துவிட்டுப் போயிருக்கிறார். அவற்றைக் கண்டுகொள்ளாமல், ஒரு மணி நேரம் நிறைந்ததும் எங்கோ நிறுத்தும் தொடர்களைப் பார்க்கும்போது எனக்கு நிஜமாகவே வருத்தமாக இருக்கும்.

2005இல் பிபிசி செய்த முக்கியமான முடிவு இதைப் பற்றியதுதான். இலக்கியத் தொடர் என்றால் ஞாயிறு இரவு, ஒரு மணி நேரம், வாரம் ஒன்று என்பது பழைய வழக்கம். இதை உடைத்து, முதல் பகுதி மட்டும் ஒரு மணி நேரம், அப்புறம் 14 பகுதிகள் அரை மணி நேரம் என்று பிரித்தார்கள். அக்டோபர் 27 முதல் டிசம்பர் 16 வரை, வாரம் இரண்டு நாள், 'ஈஸ்ட் எண்டர்ஸ்' என்ற புகழ்பெற்ற நெடுந்தொடர் முடிந்த கையோடு ஒளிபரப்பு. டிக்கன்ஸைக் கொண்டுபோய் மெகா சீரியல் பக்கத்தில் வைப்பதா என்று முகம் சுளித்தவர்கள் உண்டு. ஆனால் டிக்கன்ஸ் எழுதியது அந்தக் கூட்டத்துக்காகத்தான்.

1985 தொடரை ஒப்பிட்டால் இது இன்னும் தெளிவாகும். ஆர்தர் ஹாப்கிராஃப்ட் எழுதியது, எட்டுப் பகுதிகள். டயானா ரிக் லேடி டெட்லாக், பீட்டர் வாகன் டல்கிங்ஹார்ன், டென்ஹோம் எலியட் ஜார்ண்டைஸ். மொத்த நேரம் 2005 தொடருக்குக் கொஞ்சம்தான் குறைவு. மூடுபனி, இருட்டு, நிதானமான காட்சிகள். அழகான, கனமான வேலை. எனக்கு அதன் மேல் மிகுந்த மரியாதை உண்டு. ஆனால் அதைப் பார்க்கும்போது ஒரு பெரிய எழுத்தாளரின் முன்னால் நிற்கிறோம் என்ற உணர்வு வருகிறதே தவிர, அடுத்தது என்ன என்ற தவிப்பு வருவதில்லை. அந்தத் தவிப்பையும் நாவலின் ஒரு பகுதியாகவே நான் எண்ணுகிறேன்.

இப்போது கதைசொல்லிக்கு வருகிறேன். 'பிளீக் ஹவுஸ்' நாவலில் கதைசொல்லி ஒருவர் இல்லை, இருவர். ஒருவர் பெயரில்லாதவர், எல்லாவற்றையும் நிகழ்காலத்தில் சொல்பவர், கடுமையானவர். இன்னொருவர் எஸ்தர், நடந்து முடிந்ததைப் பல வருஷம் கழித்து அடக்கமாக எழுதுகிறாள். 67 அத்தியாயங்களும் இந்த இருவருக்கும் இடையே மாறி மாறிப் போகின்றன. டேவிஸ் இருவரையுமே எடுத்துவிட்டார். பின்னணிக் குரல் வைக்கவில்லை. துணிச்சலான முடிவு. அப்புறம் அந்த இரண்டு குரல்களும் செய்த வேலையை அவர் யார் யாருக்குப் பிரித்துக் கொடுத்தார் என்பதுதான் இந்தத் திரைக்கதையில் நாம் படிக்க வேண்டிய பாடம்.

2ஆம் அத்தியாயத்தில் ஒரு காட்சி. டெட்லாக் வீட்டு வரவேற்பறை, கணப்பில் தீ. டல்கிங்ஹார்ன் வழக்குச் சம்பந்தமான காகிதங்களை வாசித்துக்கொண்டிருக்கிறார். லேடி டெட்லாக்கின் கணவர் சர் லெஸ்டர் பாதித் தூக்கத்தில் தலையாட்டுகிறார். லேடி டெட்லாக்குக்கு எல்லாமே சலிப்பு. உட்கார்ந்த நிலையை மாற்றுகிறாள், மேஜை மேல் இருக்கும் காகிதங்கள் கண்ணில் படுகின்றன, கொஞ்சம் கிட்டப் பார்க்கிறாள், இன்னும் கிட்டப் பார்க்கிறாள், சட்டென்று கேட்கிறாள்: "இதை நகல் எடுத்தது யார்?" டல்கிங்ஹார்ன் வாசிப்பதை நிறுத்துகிறார். அந்தப் பெண்மணியிடம் இத்தனை வேகத்தை அவர் கண்டதில்லை. ஏன் கேட்கிறீர்கள் என்றதற்கு, இந்தச் சலிப்புக்கு ஒரு மாறுதலாக இருக்கட்டும் என்று சமாளிக்கிறாள்; அது அவளுடைய பழைய காதலனின் கையெழுத்து. கொஞ்ச நேரத்தில் மயக்கம் வருகிறது, என்னோடு பேசாதீர்கள், மணியை அடித்து அறைக்கு அழைத்துப் போகச் சொல்லுங்கள் என்கிறாள்.

இதை ஒரு திரைக்கதை ஆசிரியரின் கண்ணால் படித்துப் பாருங்கள். நிலை மாற்றம், பார்வை, நெருங்கிய பார்வை, அதைவிட நெருங்கிய பார்வை, கேள்வி. ஒவ்வொன்றுக்கும் நடுவே டிக்கன்ஸ் ஒரு கோடு போட்டுப் பிரித்திருக்கிறார். சினிமா பிறப்பதற்கு நாற்பது வருஷம் முன்பே ஷாட் பிரித்துக் கொடுத்துவிட்டார். இங்கே எழுத்தாளருக்கு வேலையே இல்லை. ஆனால் இதற்கு முன்னால் நாலைந்து பக்கத்துக்குக் கதைசொல்லி அந்த மேட்டுக்குடி உலகத்தைப் பஞ்சு வைத்துப் பொதிந்த நகைப்பெட்டி மாதிரி வர்ணித்திருக்கிறார்; வெளியே சுழலும் பெரிய உலகங்களின் சத்தமே அதற்குள் கேட்காது என்கிறார். அந்த நாலைந்து பக்கம் இல்லாவிட்டால் "நகல் எடுத்தது யார்?" என்ற சின்னக் கேள்விக்கு இடி விழுந்த பலன் கிடைக்காது. அந்த வர்ணனையின் வேலையைத்தான் கில்லியன் ஆண்டர்சனின் அசைவின்மையிடம் கொடுத்தார்கள். அவர் நடிக்கும் லேடி டெட்லாக் அநேகமாக நகருவதே இல்லை. ஜன்னல் ஓரம், நேரான முதுகு, உதடு பிரியாத பேச்சு. கேமராவும் அவரிடம் வந்தால் அமைதியாகிவிடுகிறது. அப்படிப்பட்டவர் ஓர் அங்குலம் முன்னால் குனிந்தாலே நாமும் குனிகிறோம்.

டல்கிங்ஹார்ன் விஷயத்தில் தீர்வு வேறு. நாவலில் அவர் யாரிடமும் எதையும் சொல்ல மாட்டார். லிங்கன்ஸ் இன் ஃபீல்ட்ஸ் வீட்டில் தனியாக உட்கார்ந்து பழைய போர்ட் ஒயின் குடிப்பார். (அந்த வீட்டுக்கு மாதிரி, மேலே சொன்ன ஃபார்ஸ்டர் குடியிருந்த வீடுதான் என்பார்கள்.) அவர் மனசில் ஓடுவதை, ஓடாமல் இருப்பதையும்கூட, கதைசொல்லிதான் நமக்குச் சொல்கிறார். திரையில் ஒரு மனிதன் தனியாக ஒயின் குடிப்பதை எத்தனை தடவை காட்டுவது? ஆகவே டேவிஸ் நாவலில் இல்லாத ஒரு பாத்திரத்தை உண்டாக்கினார்: கிளாம்ப் என்ற குமாஸ்தா. டாம் ஜார்ஜசன் நடித்தார். சார்லஸ் டான்ஸின் டல்கிங்ஹார்ன் இவனிடம் உத்தரவு போடுவார், அந்த உத்தரவிலிருந்து அவர் திட்டம் நமக்குப் புரியும். நாவலை மனப்பாடமாக வைத்திருப்பவர்கள் இதை ஏற்க மாட்டார்கள். எனக்கு இதில் ஆட்சேபம் இல்லை, ஏனென்றால் கிளாம்ப் கதையைத் திருப்பவில்லை. கதைசொல்லியின் ஒரு சின்ன வேலையை வாங்கிச் செய்கிறான், அவ்வளவுதான். ஆனால் ஓர் இழப்பும் உண்டு. யாரிடமும் பேசாத டல்கிங்ஹார்ன் தரும் பயம், ஒருவனிடமாவது பேசும் டல்கிங்ஹார்னிடம் கொஞ்சம் குறைகிறது.

அடுத்தது படத்தொகுப்பு. 2005 தொடரைப் பார்த்தவர்கள் அதிகம் குறை சொன்னது இதைத்தான். ஒரு காட்சியிலிருந்து இன்னொன்றுக்குப் போகும்போது விசுக்கென்று ஒரு சத்தம், கேமரா கட்டடத்தின் மேல் இரண்டு மூன்று தாவு தாவி நெருங்கும். காலகட்டக் கதைக்கு இது பொருந்தாது, துருத்திக்கொண்டு நிற்கிறது என்றார்கள். நான் வேறு மாதிரிப் பார்க்கிறேன். 16ஆம் அத்தியாயத்தில் பெயரில்லாத கதைசொல்லி ஒரு கேள்வி கேட்கிறார்: லிங்கன்ஷயரில் இருக்கும் டெட்லாக் மாளிகைக்கும், கையில் விளக்குமாறோடு தெருவில் நிற்கும் ஜோவுக்கும் என்ன தொடர்பு இருக்க முடியும்? நாவல் முழுக்க அந்தக் கேள்விக்கான பதில்தான். மாளிகையிலிருந்து சேரிக்கு, சேரியிலிருந்து நீதிமன்றத்துக்கு மூச்சு விடாமல் தாவும் அந்த வெட்டுகள், அதே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்கின்றன. டெட்லாக் சீமாட்டியின் பட்டு உடைக்கும் ஜோவின் சொறி பிடித்த கைக்கும் நடுவே ஒரு விநாடிகூட இடைவெளி இல்லாமல் போனால், இரண்டும் ஒரே ஊரில் ஒரே நாளில் நடப்பவை என்பது உறைக்கிறது. சத்தத்தை இன்னும் கொஞ்சம் குறைத்திருக்கலாம், அதை ஒப்புக்கொள்கிறேன்.

எஸ்தரின் குரலை எடுத்ததில் லாபமே அதிகம். நாவலில் அவள் தன்னைத்தானே தாழ்த்திக்கொண்டு, யாராவது புகழ்ந்தால் அதைத் தயக்கத்தோடு எழுதிவைத்துக்கொண்டு போவது வாசகர் பலருக்கு அலுப்புத் தரும். அன்னா மேக்ஸ்வெல் மார்ட்டின் நடித்த எஸ்தர் அப்படி இல்லை. கவனிக்கிறாள், அளக்கிறாள், தேவைப்பட்டால் நேருக்கு நேர் சொல்கிறாள். அந்த வேடத்துக்கு அவருக்கு பாஃப்டா சிறந்த நடிகை விருது கிடைத்தது. தொடருக்கும் சிறந்த நாடகத் தொடர் விருது. தொடக்கமும் அவளோடுதான். நாவலின் புகழ்பெற்ற மூடுபனி வர்ணனையை ஒதுக்கிவிட்டு, கொட்டும் மழையில் லண்டனுக்கு வண்டி ஏறும் எஸ்தரிடமிருந்து கதை புறப்படுகிறது. யார் பின்னால் போக வேண்டும் என்று பார்ப்பவருக்கு முதல் நிமிடத்திலேயே தெரிந்துவிடுகிறது.

ஆனால் முகம் என்று ஒன்று வந்தவுடன் ஒரு தொல்லையும் கூடவே வருகிறது. செஸ்னி வோல்ட் என்ற அந்த டெட்லாக் மாளிகையில் லேடி டெட்லாக்கின் ஓவியத்தைப் பார்த்துக் கப்பி திகைத்து நிற்கிறான், எங்கேயோ பார்த்த முகம் என்று. எங்கே பார்த்தான் என்று டிக்கன்ஸ் சொல்வதில்லை. வாசகர் மெல்ல ஊகிக்க வேண்டும். திரையிலோ இரண்டு நடிகைகளின் முகமும் நம் கண்முன்னே இருக்கின்றன. ஒத்துப்போனால் ரகசியம் முதல் நாளே அவிழ்ந்துவிடும், ஒத்துப்போகாவிட்டால் கப்பியின் திகைப்பு நம்பும்படி இருக்காது. கில்லியன் ஆண்டர்சனுக்கும் அன்னா மேக்ஸ்வெல் மார்ட்டினுக்கும் பெரிய ஒற்றுமை கிடையாது. ரகசியத்தைக் காப்பாற்றும் பக்கம் சாய்ந்திருக்கிறார்கள்.

தொடர் தோற்கும் இடம் ஒன்று உண்டு. ஜோவின் சாவு. நாவலில் முன்னாள் பட்டாளத்துக்காரர் ஜார்ஜின் துப்பாக்கிப் பயிற்சிக் கூடத்தில், மருத்துவர் உட்கோர்ட் ஒரு பிரார்த்தனையை வரி வரியாகச் சொல்லிக் கொடுக்க, சிறுவன் திரும்பச் சொல்லிக்கொண்டே இறந்துபோகிறான். உடனே கதைசொல்லி எழுந்து நின்று கூப்பிடுகிறார்: செத்துப்போனான், மாட்சிமை தங்கிய அரசியே, செத்துப்போனான், பிரபுக்களே, கனவான்களே, நம்மைச் சுற்றி இப்படித்தான் தினமும் சாகிறார்கள். இதை எந்தப் பாத்திரத்தின் வாயில் வைப்பது? உட்கோர்ட் பேசினால் மேடைப் பேச்சாகிவிடும். குரலே இல்லாத தொடரில் இதற்கு மட்டும் குரல் வந்தால் ஒட்டாது. கண்ணீர் வரும் காட்சியாக அது மிஞ்சுகிறது. டிக்கன்ஸுக்கு நம் கண்ணீர் மட்டும் போதவில்லை, நாம் வெட்கப்படவும் வேண்டும் என்று நினைத்தார். குருக் தீப்பிடித்துச் சாவதும் இதே மாதிரிதான். ஜன்னல் விளிம்பில் கையை வைத்த கப்பிக்கு மஞ்சளாக, பிசுபிசுவென்று ஏதோ ஒட்டுகிறது; அறையெங்கும் எண்ணெய்க் கரி; எங்கோ இறைச்சி வறுக்கும் வாடை. இந்த அருவருப்பு திரைக்கு அப்படியே வரும். ஆனால் அத்தியாயத்தின் கடைசிப் பத்தியில் கதைசொல்லி, அநியாயம் நடக்கும் எல்லா நீதிமன்றங்களும் எல்லா அதிகாரங்களும் இப்படித்தான் உள்ளிருந்தே எரிந்து சாகும் என்று சொல்வது வராது. அது இல்லாவிட்டால் குருக்கின் சாவு வெறும் விநோதம்.

இந்தச் சாவைப் பற்றி அப்போதே சண்டை நடந்தது. மனித உடம்பு தானாகத் தீப்பற்றாது என்று ஜார்ஜ் ஹென்றி லூயிஸ் எழுத, டிக்கன்ஸ் விடாமல் முன்னுரையிலேயே பதில் சொன்னார். லூயிஸ் சொன்னதுதான் அறிவியல்படி சரி.

அந்த லூயிஸின் வாழ்க்கைத் துணைதான் ஜார்ஜ் எலியட். அவருடைய 'மிடில்மார்ச்' நாவலை 1994இல் இதே ஆண்ட்ரூ டேவிஸ் ஆறு பகுதிகளாக எழுதினார். அங்கே சிக்கல் இன்னும் கடுமை, ஏனென்றால் அந்த நாவலில் கதைசொல்லிதான் மிகப் பெரிய பாத்திரம். ஒரு கட்டத்தில் இளம் மனைவி டொரோத்தியாவைப் பற்றிச் சொல்லிக்கொண்டே வந்து, "ஏன் எப்போதும் டொரோத்தியா?" என்று தன்னையே மறித்துக்கொண்டு, நமக்குப் பிடிக்காத அந்தக் கிழட்டுக் கணவன் கசாபனின் மனசுக்குள் நம்மை அழைத்துப் போவார். எந்த கேமராவாலும் இப்படித் தன்னைத்தானே மறிக்க முடியாது. பேட்ரிக் மலஹைட் கசாபனாகத் தன் முகத்தை வைத்து அந்த வேலையில் பாதியைச் செய்துவிட்டார். கடைசியில் மட்டும் ஜூடி டென்ச்சின் குரலில் எலியட்டின் வரிகள் வருகின்றன. கடைசி நிமிடம் வரை பிடித்துவைத்து அப்போது மட்டும் விட்டதால் அந்தக் குரலுக்கு எடை இருக்கிறது.

இடத்திடம் ஒப்படைத்ததற்கு எனக்குப் பிடித்த உதாரணம் எலிசபெத் கேஸ்கலின் 'நார்த் அண்ட் சவுத்'. 2004இல் சாண்டி வெல்ச் நான்கு பகுதிகளாக எழுதியது. நாவலில் பஞ்சாலை வேலையால் நுரையீரல் கெட்டுச் சாகும் பெஸ்ஸி என்ற பெண், பஞ்சுத் தூசு எப்படி மூச்சில் போய் அடைக்கிறது என்று வாயால் விளக்குவாள். தொடரில் கதாநாயகி மார்கரெட் முதல்முறை ஆலைக் கதவைத் திறக்கிறாள்: வரிசை வரிசையாகத் தறிகள், அறை முழுக்கப் பனி போல மிதக்கும் பஞ்சு. அழகாக இருக்கிறதே என்று பார்த்துக்கொண்டே இருக்கிறோம். அப்புறம் பெஸ்ஸி இருமும்போது அந்த அழகு எதுவென்று தெரிகிறது. பக்கங்களில் இருந்ததை இதைவிட நன்றாகக் கண்ணுக்குக் கொண்டுவர முடியாது. ஆனால் அதே காட்சியில் ஆலை முதலாளி தார்ன்டன் ஒரு தொழிலாளியை அடித்துத் துவைப்பது நாவலில் இல்லாதது. மார்கரெட்டுக்கு அவன் மேல் வெறுப்பு வரச் சட்டென்று ஒரு காரணம் வேண்டும் என்று சேர்த்திருக்கிறார்கள். இது எனக்கு உடன்பாடு இல்லை. நாவலில் அந்த இருவருக்கும் நடப்பது கருத்துச் சண்டை. முதலாளிக்குத் தொழிலாளி மேல் என்ன பொறுப்பு என்பதுதான் பேச்சு. அடிதடி அதை மழுக்குகிறது.

மூலத்தை மாற்றுவது துரோகமா என்ற கேள்விக்கு நான் வைத்திருக்கும் அளவுகோல் இதிலிருந்தே வருவது. கிளாம்ப் நாவலில் இல்லை, மிதக்கும் பஞ்சின் அந்தக் காட்சி நாவலில் இல்லை, தார்ன்டனின் அடியும் இல்லை. முதல் இரண்டும் நாவல் ஏற்கெனவே செய்துகொண்டிருந்த ஒரு வேலையை வேறு கையால் செய்கின்றன. மூன்றாவது நாவல் செய்யாத ஒன்றைச் செய்கிறது. வெட்டுவதையும் இப்படியே பார்க்கலாம். 2005 'பிளீக் ஹவுஸ்' தொடரில் பேக்னெட் குடும்பம் முழுசாகப் போய்விட்டது. ஜார்ஜின் பழைய பட்டாளத்து நண்பர், அவர் மனைவி, குழந்தைகள். படிக்கும்போது மனசுக்கு இதமான பக்கங்கள், எனக்கு மிகவும் பிடித்தவை. ஆனாலும் மையக் கதை அவர்கள் இல்லாமல் ஓடுகிறது. மாறாக, கந்துவட்டிக் கிழவன் ஸ்மால்வீடை வைத்துக்கொண்டது மட்டுமல்ல, பெரிதாக்கவும் செய்தார்கள். நாற்காலியில் சரிந்துபோய்ப் பேத்தியிடம் "என்னைக் குலுக்கி விடு, ஜூடி!" என்று ஃபில் டேவிஸ் கத்துவது பார்த்தவர்கள் எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். வாரம் இரண்டு நாள் வரும் கதையில் இருபதுக்கு மேல் பாத்திரங்கள் இருந்தால், வந்தவுடன் ஆளை அடையாளம் காட்ட ஒரு வசனம் வேண்டும். இதையும் டிக்கன்ஸே செய்துவைத்திருந்தார், ஒரு மாதம் கழித்துப் படிப்பவருக்கும் ஆள் மறந்துவிடக் கூடாது என்று.

சினிமாவாக எடுக்கலாமா? நாவலைப் பொறுத்தது. டேவிட் லீன் 1946இல் எடுத்த 'கிரேட் எக்ஸ்பெக்டேஷன்ஸ்' இரண்டு மணி நேரம்தான், டிக்கன்ஸ் படங்களில் அதற்கு மேல் ஒன்று சொல்ல எனக்குத் தெரியவில்லை. அந்த நாவல் 'பிளீக் ஹவுஸ்' அளவில் பாதி, ஒரே ஒருவன் தன் கதையைச் சொல்கிறான், இழை ஒன்று. 'லிட்டில் டாரிட்' அப்படியல்ல, இழைகள் ஏராளம். கிறிஸ்டீன் எட்ஸார்ட் 1987இல் அதை இரண்டு படங்களாக, மொத்தம் ஆறு மணி நேரத்துக்கு எடுத்தார். முதல் படம் ஆர்தர் கிளெனம் கண்ணில், இரண்டாவது அதே கதை ஏமி டாரிட் கண்ணில். சினிமாவுக்குள் பெரிய நாவலைக் கொண்டுவர அவர் கண்டுபிடித்த வழி அது. அதே நாவலை 2008இல் டேவிஸ் 14 பகுதிகளாக, மறுபடி அந்த அரை மணி நேர வடிவத்தில் எழுதினார். அது ஏழு எம்மி விருதுகள் வாங்கியது.

நீங்கள் இதில் இறங்கிப் பார்க்க விரும்பினால் 'பிளீக் ஹவுஸ்' முழுவதையும் முதலில் படித்து முடிக்க வேண்டும் என்பதில்லை. 1852இல் படித்தவர்கள் படித்த மாதிரியே படியுங்கள்: முதல் பகுதி 1 முதல் 4 அத்தியாயம் வரை, இரண்டாவது 5 முதல் 7 வரை, மூன்றாவது 8 முதல் 10 வரை. மூன்றையும் முடித்துவிட்டு 2005 தொடரின் அந்த முதல் ஒரு மணி நேரத்தைப் பாருங்கள். கதைசொல்லி நேராக உங்களோடு பேசிய வரிகளைப் பென்சிலால் குறித்துவைத்திருந்தால், அவை ஒவ்வொன்றும் எங்கே போயின என்று திரையில் தேடலாம்.